தாத்தாவின் பட்டாளக் காகிதம்: எங்கே கேட்பது, எதைக் கேட்பது

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து போனவர்களில் கணிசமானோர் காலாட்படைக்காரர்கள் அல்ல. லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், கம்பியில்லாத் தந்தி அடித்தார்கள், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், சாலைக்குக் கல் உடைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "தாத்தா மிலிட்டரியில் இருந்தார்" என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலான பேரப்பிள்ளைகள் நேராக மெட்ராஸ் ரெஜிமென்டுக்குக் கடிதம் போடுகிறார்கள். அங்கிருந்து "பதிவு இல்லை" என்று பதில் வந்ததும் தேடல் அங்கேயே நின்றுபோகிறது. பதிவு இருந்திருக்கும், தட்டிய கதவுதான் வேறு.

மெட்ராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் 1920களிலேயே கலைக்கப்பட்டுவிட்டன. போர் நெருக்கடியில்தான் 1940களின் தொடக்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்டன. அதனால் 1939-லோ 1940-லோ சேர்ந்த தமிழ்ச் சிப்பாய், பாலமும் சாலையும் போடும் பொறியாளர் படையான சாப்பர்ஸிலோ, அன்று ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்ட போக்குவரத்து, சப்ளைப் பிரிவிலோ இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு தவறான கதவு லண்டன். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய பணிப்பதிவுகள் இப்போது அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, அங்கே பணம் கட்டி விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அவை பிரிட்டிஷ் படையினருடையவை. இந்தியப் படையின் சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகியோரின் தனிப்பதிவுகள் இந்தியாவில், அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில்தான் இருந்தன. லண்டனில் கிடைப்பது வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

கடிதம் எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை இரண்டு: தாத்தாவின் எண், அவர் இருந்த படைப்பிரிவு. இரண்டும் சேர்ந்தே வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் ஆட்களுக்குத் தானே எண் போட்டது. ஒரே எண் சாப்பர்ஸில் ஒருவருக்கும், தந்திப் பிரிவான சிக்னல்ஸில் இன்னொருவருக்கும் இருக்கலாம். பிரிவு தெரியாத எண்ணால் பயனில்லை. எண் தெரியாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆறுமுகமும் முனுசாமியும் ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

எண்ணை வீட்டில்தான் முதலில் தேட வேண்டும். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அதைப் படிக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. காகிதத்தின் மூலையில் சிறிய எழுத்தில் "ஐ.ஏ.எஃப்." என்று போட்டு ஒரு எண் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துத் தாத்தா விமானப்படை என்று முடிவுகட்டி, அந்த எண்ணையே அவருடைய எண்ணாக எழுதி டெல்லிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது "இந்தியன் ஆர்மி ஃபார்ம்" என்பதன் சுருக்கம்; படிவத்தின் எண். தாத்தாவின் எண் பெயருக்கு முன்னால், பெரும்பாலும் கையெழுத்திலோ தட்டச்சிலோ இருக்கும். அதே தாளில் "விடுவித்த காரணம்" என்ற வரியையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து ஆள்குறைப்பில் அனுப்பப்பட்டவரா, உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டவரா, தண்டனையில் நீக்கப்பட்டவரா என்பதைப் பொறுத்து அடுத்துத் தேட வேண்டிய இடமே மாறும்.

டிஸ்சார்ஜ் புக் இல்லையென்றால் பதக்கங்களை எடுங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்கள் பலவற்றில் எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். வட்டப் பதக்கமென்றால் விளிம்பில், நட்சத்திரமென்றால் பின்பக்கம் பாருங்கள். பாலிஷ் போட வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்துதான் போகும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அப்படியே கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

பதக்கம் எண்ணை மட்டும் சொல்வதில்லை, போன இடத்தையும் சொல்லும். ஆறு முனை நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வடிவம்தான். நடுவில் இருக்கும் அரச முத்திரையைச் சுற்றி எந்த நட்சத்திரம் என்று எழுதியிருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையிலான காலத்தில் வட ஆப்பிரிக்கா அல்லது எரித்ரியா பக்கம். இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. பர்மாவுக்குள் கால் வைக்காமல் அஸ்ஸாம், வங்காள எல்லையில் குறிப்பிட்ட பகுதிகளில் இருந்தவர்களுக்கும் இது உண்டு. உலோகம் தொலைந்து ரிப்பன் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு எனச் சம பட்டைகள் இருந்தால் இத்தாலி. கருநீலத்துக்கு நடுவே அகலச் சிவப்பும், இருபுறமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா. மணல் நிறத்தில் நடுவே சிவப்புப் பட்டை, இருபுறமும் மெல்லிய நீலக் கோடுகள் என்றால் ஆப்பிரிக்கா. இந்திய வரைபடம் பொறித்த வட்டப் பதக்கம் இந்தியா சர்வீஸ் மெடல். இந்தியாவிலேயே மூன்று ஆண்டு பணிபுரிந்தவர்களுக்கு அது. நட்சத்திரம் எதுவுமின்றி அதுவும் வார் மெடலும் மட்டும் இருந்தால் தாத்தா போர்முனைக்குப் போகாமல் உள்நாட்டிலேயே இருந்திருக்கலாம். அதற்காகக் குடும்பம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கோஹிமாப் போர்முனைக்குப் போன ஒவ்வொரு குண்டும் யாரோ ஒருவர் கிடங்கில் எண்ணி லாரியில் ஏற்றியதுதான்.

பழைய கடிதங்கள் இருந்தால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் செய்தி தணிக்கைக்குப் பயந்து "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு நின்றிருக்கும். உறையில்தான் அனுப்புநரின் எண், பதவி, யூனிட் பெயர் எல்லாம் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது, எழுதத் தடை. அதற்குப் பதில் படைத் தலைமையின் சுருக்கம் இருக்கும்: எம்.இ.எஃப். என்றால் மத்தியக் கிழக்கு, சி.எம்.எஃப். என்றால் இத்தாலி வட்டாரம், பய்ஃபோர்ஸ் என்றால் ஈராக், பாரசீகம், எஸ்.இ.ஏ.சி. என்றால் தென்கிழக்கு ஆசியா. தபால் முத்திரையில் கள அஞ்சலகத்தின் எண்ணும் தேதியும் விழுந்திருக்கும். கள அஞ்சலகம் படையோடு நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் தெரியும்.

புகைப்படத்தில் தோள்பட்டையைக் கவனியுங்கள். தோள் நுனியில் பித்தளை எழுத்து படைப்பிரிவைச் சொல்லும். மேற்கையில் துணி அடையாளம் டிவிஷனைச் சொல்லும்: சிவப்புக் கழுகு 4-வது இந்திய டிவிஷன், கறுப்புப் பூனை 17-வது, குத்துவாள் ஏந்திய கை 19-வது. படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் இருந்தால் அந்த ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒன்றும் தேறவில்லையா? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பழைய ஆட்கள் "சோல்ஜர் போர்டு" என்பார்கள். போரில் பணிபுரிந்து ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி தருகிறது. தாத்தாவோ பாட்டியோ அதை வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் எண்ணும், டிஸ்சார்ஜ் சான்றின் நகலும் வைக்கப்பட்டிருக்க வேண்டும்; அது இல்லாமல் உதவி அனுமதியாகியிருக்காது. பாட்டியின் பெயரையும், உதவி கடைசியாக வந்த ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் தொலைந்துபோன எண் கிடைக்க இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. முன்னாள் ராணுவத்தினர் என்ற வகையில் குடும்பத்துக்கு நிலம் ஒப்படை ஆகியிருந்தால் தாலுகா அலுவலகக் கோப்பையும் கேட்டுப் பாருங்கள்.

எண்ணும் பிரிவும் தெரிந்தபின் எங்கே எழுதுவது? மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ், இன்றைய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. இன்று ஏ.எஸ்.சி.; தென்பகுதி ரெக்கார்டு ஆபீஸ் பெங்களூரில். சாலை வேலைக்கான பயோனியர் கோரும் அங்கேதான். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு கேம்ப், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. ஐ.இ.எம்.இ. என்ற மெக்கானிக் பிரிவுக்கும் ஐ.ஏ.ஓ.சி. என்ற ஆயுதக் கிடங்குப் பிரிவுக்கும் செகந்திராபாத். கப்பற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். சமையல்காரர், சலவைக்காரர், துப்புரவுப் பணியாளர், தண்ணீர் சுமந்தவர் என்று சேர்க்கப்பட்டவர்களும் எண் பெற்ற படையினரே. அவர்களைத் தேட வேண்டியதும் அவர்கள் சேர்க்கப்பட்ட பிரிவின் ஆபீஸில்தான்.

இனி முக்கியமான விஷயம். ரெக்கார்டு ஆபீஸில் ஒரு சிப்பாயைப் பற்றி இரண்டு விதமான பதிவு உண்டு. ஒன்று ஷீட் ரோல்: சேர்ந்தது முதல் விடுபட்டது வரை பணி, பயிற்சி, மாற்றல், வெளிநாடு, தண்டனை, பதக்கம், குடும்பம் எல்லாம் ஏறிய முழுக் கோப்பு. மற்றொன்று லாங் ரோல்: எண் வரிசையில் ஓடும் பேரேட்டில் ஆளுக்குச் சில வரி. ஓய்வூதியம் பெறாதவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டு முடிந்ததும் அழித்துவிடலாம் என்பது ராணுவ ஒழுங்குமுறை, 595-வது பத்தி. போருக்காக மட்டும் சேர்ந்து 1946-ல் திரும்பியவருக்கு ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலம் சேரவில்லை. ஆகவே அவருடைய ஷீட் ரோல் 1970களிலேயே அழிக்கப்பட்டிருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் லாங் ரோல் அழிப்பதற்குரியதல்ல, நிரந்தரமாக வைக்க வேண்டியது.

"பணி ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு வரிப் பதில் வரும்போது பலரும் இடிந்துபோய் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் "பணி ஆவணங்கள்" என்று கேட்டீர்கள். ஷீட் ரோலை நினைத்துப் பதில் சொன்னார்கள். லாங் ரோலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதலில் சாதாரணக் கடிதமே போடுங்கள். இறப்புச் சான்று, உங்கள் உறவைக் காட்டும் சான்று, டிஸ்சார்ஜ் தாளின் நகல் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005. மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். இணையத்திலும் போடலாம், போஸ்டல் ஆர்டர் வைத்துத் தபாலிலும் போடலாம். ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது. பேரேடு ஆங்கிலத்தில் இருப்பதால், தாத்தாவின் பெயரை டிஸ்சார்ஜ் தாளில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதினால்தான் தேடுபவர் கண்ணில் படும். "ஏன்", "எப்படி" என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்தின் உடல் இப்படி இருந்தால் போதும்:

எண், பதவி, பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா, பழைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு, விடுபட்ட ஆண்டு. இவர் தொடர்பாக: 1. லாங் ரோல் பதிவின் சான்றிட்ட நகல். 2. ஷீட் ரோல் இருப்பின் முழு நகல். 3. ஷீட் ரோல் அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதி, அதற்கான உத்தரவின் நகல். 4. பதக்கங்கள், வெளிநாட்டுப் பணி குறித்து ஆவணத்தில் உள்ள விவரம்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அழித்ததற்கான உத்தரவைக் காட்டச் சொன்னால், பதில் எழுதுபவர் அலமாரியைத் திறந்து பார்த்தாக வேண்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். "தனிநபர் தகவல், தர இயலாது" என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டுங்கள். 20 ஆண்டுக்கு முன் நடந்த விஷயத்தில் நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் என்ற மூன்று விலக்குகள் மட்டுமே நிற்கும். தனிநபர் தகவல் என்ற விலக்கு நிற்காது. தவறான ஆபீஸுக்குப் போய்விட்டால் 6(3) பிரிவின்படி உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். ஒன்று மட்டும்: இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு. மலேசியாவிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ பெயரில் போடச் சொல்லலாம்.

பெயர்தான் எங்கும் காலை வாருகிறது. ஆள் சேர்ப்பு முகாமில் எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காதில் விழுந்ததை எழுதினார். "சாமி" என்ற ஒரே சொல் எஸ்-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என்றும், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் வரும். ழகரம் எல் ஆகும். ஆறுமுகம் ஆர்முகம் ஆவார். தந்தையின் பெயர் முன்னெழுத்தாக இல்லாமல் தனி வரியில் இருக்கும். இரண்டு ஆறுமுகங்களைப் பிரித்துச் சொல்ல அதைவிட உறுதியான சாட்சி இல்லை. வயதை நம்பாதீர்கள், பார்வைக்குத் தோன்றிய வயதை டாக்டர் எழுதினார். ஊரைப் பழைய மாவட்டத்தோடு தேடுங்கள்: வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று அன்றைய ஆங்கில எழுத்தில். நாகர்கோவில் பக்கத்தவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தார், புதுக்கோட்டைக்காரர் புதுக்கோட்டை சமஸ்தானத்தார் என்றே பதிவாகியிருப்பார்கள்.

லாங் ரோலும் கிடைக்காதபோது, அல்லது அது தரும் சில வரி போதாதபோது, ஆளை விட்டு யூனிட்டைத் தொடர வேண்டும். லண்டன் பயன்படுவது இங்கேதான். யூனிட்டுகள் மாதவாரியாக எழுதிய போர் நாட்குறிப்புகள் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன: டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) என்ற கோப்பு வரிசையில் மத்தியக் கிழக்குக்கு 169, இத்தாலிக்கு 170, பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்கு 172. வீரப் பதக்கப் பரிந்துரைகள் டபிள்யூ.ஓ. 373-ல், அவற்றைப் பெயர் போட்டு இணையத்திலேயே தேடலாம். நாட்குறிப்பில் சிப்பாயின் பெயர் அபூர்வமாகவே வரும். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றின் மேல் பாலம் போட்டார்கள், எத்தனை லாரி போயிற்று, எந்த ஊரில் மழையில் மாட்டிக்கொண்டார்கள் என்பது வரும். தாத்தா அந்தத் தேதியில் அந்தக் கம்பெனியில் இருந்தார் என்று உறுதியானால் அது அவருடைய நாட்குறிப்பும்தான். இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவையும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் கேட்கலாம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அங்கிருந்தவர் என்றால் பாதை பிரிகிறது. ஜப்பானியரிடம் சிறைப்பட்டு இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த சிப்பாய்களைப் போருக்குப் பின் பிரிட்டிஷார் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பில் போடப்பட்டவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் நீக்கம் என்று இருப்பதைப் பார்த்துக் குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைத்ததும் உண்டு. மறைக்க அதில் ஒன்றுமில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்களுக்கு இந்தியப் படை எண்ணே கிடையாது. அவர்களை எந்த ரெக்கார்டு ஆபீஸிலும் தேடிப் பயனில்லை. ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்த பாட்டிக்கும் இதேதான். இவர்களுக்குத் தேட வேண்டியது தியாகி ஓய்வூதியக் கோப்பும், தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளும். பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் 990 கோப்புகளை அங்கே ஒப்படைத்தது. காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடத் தொடங்கலாம்.

"பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்" என்று வீட்டில் சொன்னால் சற்று நிதானியுங்கள். 1942-ல் அப்படி நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போயிருந்த குடிமக்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலையில் சிக்கிய தோட்டத் தமிழர்களும் படையினர் அல்லர். அவர்கள் பட்ட துயரம் எந்தச் சிப்பாயின் துயரத்துக்கும் குறைந்ததல்ல, ஆனால் அதற்கு ராணுவப் பதிவு இருக்காது.

தாத்தா திரும்பி வரவே இல்லையென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் முதலில் தேடுங்கள், இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்த அனைவரும் அதில் உண்டு. குண்டடிபட வேண்டியதில்லை, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் போனவரும், லீவில் வந்த இடத்தில் இறந்தவரும் சேர்த்தி. இந்தியர்களின் முழுப்பெயரும் பெரும்பாலும் குடும்பப்பெயர்க் கட்டத்திலேயே இருக்கும். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டு, எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்து, கூடுதல் தகவல் கட்டத்தில் பழைய மாவட்டப் பெயரைக் கொடுங்கள். "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம்" என்று பல பதிவுகளில் இருக்கிறது. இந்துக்கள் தகனம் செய்யப்பட்டதால் பலருக்குக் கல்லறை இருக்காது. பெயர் ரங்கூன், சிங்கப்பூர், இம்பால், கோஹிமா, இத்தாலியின் சாங்ரோ போன்ற நினைவிடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தச் சுவர், எந்தப் பலகை என்றும் பதிவிலேயே இருக்கும். பெயரிலோ ஊரிலோ பிழை இருந்தால், அல்லது பெயரே விடுபட்டிருந்தால், ஆவணச் சான்றுடன் ஆணையத்துக்கு எழுதலாம், சரிபார்த்துத் திருத்துகிறார்கள். லாங் ரோலின் சான்றிட்ட நகல் கையில் இருந்தால் அதற்கு அதுவே வலுவான சான்று.